பகலில் தூங்குகிறவனின் மனு

டோமினிக் கடைசியாக ஒழுங்காகத் தூங்கியது எப்போது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. அவன் மனைவி மெர்சிக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டின அன்று. அடுத்த தெருவில் அன்றைக்கு ஒரு காதுகுத்து, கறி விருந்து. தெருவிலிருந்த பதினோரு நாய்களும் பத்திரிகை வைக்காமலே கிளம்பிப் போய்விட்டன. காலை ஏழு மணிக்குப் படுத்த டோமினிக் மாலை நாலு மணிக்கு எழுந்து வந்து, "தெரு இப்படிக் கெடக்குதே, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

பகலில் தூங்குகிறவன் என்றதும் சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். விருத்தாசலத்தில் கோவிந்தசாமியின் பீங்கான் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகச் சூளை பார்க்கிறான். கரண்ட் பெட்டியில் மாட்டுகிற பியூஸ் கேரியரும் பொம்மையும் வேகிற சூளை. சாயங்காலம் பற்றவைத்தால் விடிகிற வரைக்கும் ஒருவன் விழித்திருந்து, சூடு காட்டும் முள்ளைப் பார்த்துப் பார்த்து, கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். அவசரப்பட்டால் சரக்கு வெடிக்கும். அசந்துவிட்டால் வளையும். அந்த ஒருவன் டோமினிக். காலையில் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, மெர்சி வைத்ததைத் தின்றுவிட்டு, ஏழு மணிக்குப் படுப்பான். சரியாக ஏழு மணிக்குத்தான் தெருவுக்குப் பொழுது விடியும்.

நாய்களின் தலைவனுக்கு டிரைவர் என்று பெயர். புறவழிச்சாலையில் பள்ளம் தோண்டிப் போட்டதிலிருந்து, பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் எல்லாம் இந்தத் தெரு வழியாகத்தான் போகின்றன. ஒவ்வொரு டிராக்டரையும் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவதை டிரைவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. டிரைவர் டிராக்டரைப் பார்த்துக் குரைக்கும். ஒத்தக்காது என்கிற பெட்டை டிரைவரைப் பார்த்துக் குரைக்கும். மற்ற ஒன்பதும், இவை இரண்டும் குரைத்தது உண்மைதான் என்று சாட்சி சொல்லும். எதிர்வீட்டுச் சொர்ணாம்பாள் வளர்க்கும் வான்கோழி எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும். யாருடையது என்றே தெரியாத சேவல் ஒன்று பகல் பதினோரு மணிக்குக் கூவும்.

டோமினிக் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். கம்பெனியிலேயே படுத்துப் பார்த்தான். அங்கே பகலெல்லாம் மண் அரைக்கிற உருளை ஓடும். மாதா கோயில் கடைசி பெஞ்சில் சாய்ந்து பார்த்தான். பாடகர் குழு ஒத்திகைக்கு வந்துவிட்டது. பொங்கல் கழிந்த வாரம் சூளைக்கு முன்னால் கால் மணி நேரம் கண்ணசந்தான். பியூஸ் கேரியர் எல்லாம் வளைந்து வெளியே வந்தன. அதற்கடுத்த வாரமும் அசந்தான். அறுபது பிள்ளையாருக்குத் தும்பிக்கையில் விரிசல்.

கோவிந்தசாமி சத்தம் போடுகிற முதலாளி இல்லை. விரிசல் விட்ட பிள்ளையார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"மொத தரம் மனுசன்தானேன்னு வுட்டேன். ரெண்டாந்தரம் நம்ம டோமினிக்குதானேன்னு வுட்டேன். மூணாந்தரம் வுட முடியாது பாரு. இன்னொரு வாட்டி கண்ணசந்தா சூளைய வுட்டுட்டு மண்ணு சொமக்கப் போயிடு."

டோமினிக்குக்கு இடுப்பில் தட்டு விலகி மூன்று வருஷம் ஆகிறது. ஒரு குடம் தண்ணீர் தூக்கவே மெர்சியைக் கூப்பிடுகிறவன். மண் சுமக்கப் போ என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அது முதலாளிக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அடுத்து வேக வேண்டிய சரக்கு நானூறு நாய்கள். வீட்டு வாசலில் வைக்கிற மாதிரி, முன்னங்கால் ஊன்றி உட்கார்ந்த நாய். சென்னையில் ஒரு கடைக்காரர் கேட்டிருந்தார். அச்சில் வார்த்து எடுத்து, கம்பெனி முற்றத்தில் வரிசையாகக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானூறும் சேர்ந்து சூளைக்குப் போக ஒரு மாசத்துக்கு மேல் ஆகும்.

டோமினிக்குக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் மனுஷன் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும். பயம்கூட எங்கோ தூரத்தில் யாருக்கோ நடப்பது மாதிரிதான் இருந்தது. மெர்சிதான் பயந்தாள். அவள்தான் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து, "ஜங்ஷன் போற ரோட்டுல இதுக்குன்னே ஒரு ஆபீஸு இருக்குதாம். ஒரு மனு எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்று அனுப்பினாள்.

அந்த ஆபீஸுக்குக் குடியிருப்புப் பிராணிகள் நல்லிணக்க வாரியம் என்று பெயர். 'வாயில்லா ஜீவன்களின் வாயாக' என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. டோமினிக் அதைக் கொஞ்ச நேரம் நின்று படித்தான். தன் தெருவில் இருக்கிற ஜீவன்களுக்கு வாய் இருக்கிறதே, அதற்கு வேறு வாரியமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. வாசலில் தடியோடு ஒரு காவலாளி. நாய்களுக்கும் மனிதர்களுக்கும் இடையே நடுநிலை வகிக்க வேண்டிய அலுவலகம் என்பதால், சுற்றி நூறு மீட்டருக்குள் ஒரு நாய்கூட நடமாடக் கூடாது என்று வாரியமே உத்தரவு போட்டிருந்தது. அதை நிறைவேற்றத்தான் அந்தத் தடி.

"நடப்பு மனு இருக்குதா?" என்று காவலாளி கேட்டான்.

"இப்பதான் குடுக்க வந்திருக்கேன்."

"அப்ப உள்ள போயி குடுங்க. நடப்பு மனு இல்லாம உள்ள ஒக்காரக் கூடாது. எழுதி ஒட்டியிருக்குது பாருங்க."

உள்ளே மனு வாங்குகிற இடத்தில் வளர்மதி என்ற பெண் இருந்தாள். நல்ல பெண். படிவத்தை எடுத்து அவளே நிரப்ப ஆரம்பித்தாள். பெயர், தெரு, பிராணி வகை எல்லாம் சீக்கிரம் முடிந்தது. பிறகு பேனா நின்றது.

"தூக்கம் கெடும் நேரம்ங்கிற எடத்துல ராத்திரி பத்துலேருந்து காலைல ஆறு வரைக்கும்னு அச்சே அடிச்சிருக்குதுங்க."

"நான் பகல்ல தூங்குறவன் மேடம். ராத்திரி சூளைல வேல."

"அப்ப ராத்திரி நாயிங்க கொரைக்கிறது ஒங்களுக்குத் தொந்தரவா இல்லையா?"

"ராத்திரி நான் வூட்லயே இல்லையே."

"பகல்ல தொந்தரவுன்னு போட எடமே இல்லைங்க." அவளுக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "நீங்க ராத்திரில தூங்க முடியுமான்னு பாருங்களேன்."

"தூங்குனேன் மேடம். ரெண்டு தரம். அதனாலதான் இங்க வந்திருக்கேன்."

வளர்மதி யோசித்து, 'இதர' என்று ஓர் இடம் கண்டுபிடித்து அங்கே எழுதினாள். மனு எண் 117 என்று ஒரு சீட்டைக் கொடுத்தாள். வேலை நாள்தோறும் காலை பத்து மணிக்கு வந்து, ஒன்றரை மணி வரை பெஞ்சில் இருக்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

"எப்ப கூப்புடுவாங்க?"

"கூப்புடறப்ப."

அந்த நீளப் பெஞ்சின் மறு ஓரத்தில் தனக்கோடி என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜங்ஷனில் ராத்திரி பார்சல் ஏற்றுகிறவர். மடியில் மனுச்சீட்டு, தலை சுவரில், கண் மூடியிருந்தது. அரசாங்க ஆபீஸில் வந்து இப்படியும் ஒருவன் தூங்குவானா என்று டோமினிக் முகம் சுளித்தான். தன் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களே என்று கையைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருந்தான். தூங்குவதற்காகக் கொடுத்த மனுவுக்காக, வீட்டில் அரைகுறையாகக் கிடைத்துக்கொண்டிருந்த மூன்று மணி நேரமும் போயிற்று.

ஐந்தாம் நாள் கூப்பிட்டார்கள். நல்லிணக்க அலுவலர் தங்கதுரை மரியாதை தெரிந்த மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"மிஸ்டர் டோமினிக், நாய்ங்க கொரைக்குதுன்னு சொல்றிங்க. எல்லாரும் இப்படித்தான் பொத்தாம் பொதுவா சொல்றாங்க. எந்த நாயி? எத்தன மணிக்கி? எவ்ளோ நேரம்? என்னா காரணம்? இது எதுவுமே இல்லாம ஒரு ஜீவன் மேல குத்தம் சொல்லலாமா? இந்த நாற்காலில ஒக்காந்து பதினாறு வருசம் ஆவுது. ஒரு நாயி மேலயும் நான் தப்பா நடவடிக்க எடுத்ததில்ல. ஏன்னா நடவடிக்கையே எடுத்ததில்ல. அந்தப் பேரக் காப்பாத்தணும் பாருங்க."

குரைப்புப் பதிவேடு என்று ஒரு நீள நோட்டைக் கொடுத்தார்கள். ஒரு வாரம் அதை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். டோமினிக் ஆபீஸிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து எழுதினான். மதியம் இரண்டு பத்து, டிரைவர், நாலு நிமிஷம். இரண்டு பதினொன்று, ஒத்தக்காது, மூன்று நிமிஷம். இரண்டு பன்னிரண்டு, மீதி ஒன்பதும். மெர்சி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"தூங்கணும்னுதான மனு குடுத்திங்க. இப்ப மனுவுக்காவ தூங்காம ஒக்காந்திருக்கிங்களே. நாயிங்களே படுத்துடுச்சுங்க, நீங்க படுக்கல."

அது உண்மைதான். அன்றைக்கு மூன்று மணிக்கு நாய்கள் எல்லாம் வேப்ப மரத்தடியில் சுருண்டிருந்தன. அடுத்த குரைப்பு எப்போது என்று தெரியாததால் டோமினிக் நோட்டோடு காத்திருந்தான்.

தங்கதுரை நோட்டைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். அதோடு, "காரணத்த நீங்க எங்கயுமே எழுதலையே" என்றார்.

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"தெரியாதுன்னா எப்படி? காரணத்தோட கொரைச்சா அது கடமை. காரணம் இல்லாம கொரைச்சாதான் சத்தம். இது கடமையா சத்தமான்னு தெரியாம நாங்க எப்படி உள்ள எறங்குறது? நேர்ல வந்துதான் பாக்கணும்."

நேர் ஆய்வுக்கு மாசி மாசத்தில் ஒரு நாள் குறித்தார்கள். விதிப்படி மனுதாரரும் ஜீப்பில் வர வேண்டும். ஜீப் தெருவுக்குள் திரும்பியதும் டிரைவர் முன்னால் வந்து நின்றது. ஒத்தக்காது பின்னால். ஒன்பதும் இரண்டு பக்கமும். குரைத்த குரைப்பில் ஜீப் டிரைவரே ஸ்டீரிங்கை விட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். இதைவிட நல்ல ஆய்வு அமையாது என்று டோமினிக்குக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது.

"கண்ணாடிய ஏத்து" என்றார் தங்கதுரை.

நாய் இருக்கும் இடத்துக்கு இருபது அடிக்குள் அலுவலர்கள் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது என்று வாரியத்தில் ஒரு சுற்றறிக்கை உண்டு. கண்ணாடி நாலையும் ஏற்றியபிறகு அவர் பையிலிருந்து ஒலிமானியை எடுத்தார். மடியில் வைத்து முள்ளைப் பார்த்தார். "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளதான் இருக்குது" என்று எழுதிக்கொண்டார்.

"கண்ணாடிய எறக்கிட்டுப் பாருங்க சார்."

"எறக்குனா கடிச்சிடாதா? கடிச்சா அது வேற படிவம்."

சொர்ணாம்பாள் இட்லித் தட்டோடு வெளியே வந்தாள். ஜீப்புக்குள் டோமினிக்கைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கண்ணாடியைத் தட்டி, "என்னாப்பா, ஒன்ன ஜீப்புல ஏத்திட்டாங்க? என்னா பண்ண நீ?" என்று கேட்டாள். டோமினிக் மூடின கண்ணாடிக்குள்ளிருந்து நாய்களைக் கை காட்டினான். அன்று சாயங்காலத்துக்குள், பீங்கான் கம்பெனி டோமினிக்கை எதற்கோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரு முழுக்கப் பரவியது.

ஒரு வார்டில் குரைக்கிற நாய் எத்தனை என்று பார்த்தால் மட்டும் போதாதாம். மொத்தம் எத்தனை நாய் என்று எண்ணி, அதற்கு விகிதம் போட வேண்டுமாம். அதனால் ஜீப் அங்கேயிருந்து வார்டைச் சுற்றியது. கோவிந்தசாமி கம்பெனி முற்றத்துக்கு எதிரே வந்ததும் தங்கதுரை, "நிறுத்து" என்றார்.

முற்றத்தில் நாய்கள் உட்கார்ந்திருந்தன. இருபது வரிசை, வரிசைக்கு இருபது. எல்லாம் ஒரே திசையைப் பார்த்து, முன்னங்காலை ஊன்றி, வாயை மூடிக்கொண்டிருந்தன. இன்னும் வேகாத மண் நாய்கள். கண் வரையவில்லை.

தங்கதுரை சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்திங்களா மிஸ்டர் டோமினிக். ஒரு நாயி கொரைக்குதா? ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுதா? இதுங்களும் ஒங்க வார்டு நாயிங்கதான். ஆனா இதுங்களப் பத்தி எவனாவது மனு குடுப்பானா? மாட்டான். கொரைக்கிற நாலு நாயப் பாத்து மொத்த எனத்தையே குத்தம் சொல்லுவான். பதினாறு வருசமா நான் சொல்லிட்டு இருக்கேன், நாயிங்க தானா திருந்தும், நாம குறுக்க போவக் கூடாதுன்னு. இன்னிக்கிக் கண்ணால பாத்துட்டேன்."

"சார், அது பொம்ம."

தங்கதுரை எண்ணிக்கொண்டிருந்தார். வரிசையில் இருபது, இருபது வரிசை. நானூறு என்று மையால் எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"என்னா சொன்னிங்க?"

"அது பீங்கான் நாயி சார். எங்க கம்பெனி சரக்கு. காய வச்சிருக்குது."

அலுவலர் முற்றத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். மையால் எழுதினால் எழுதினதுதான். அடித்துத் திருத்தினால் ஒவ்வொரு அடித்தலுக்கும் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும்.

"இருபது அடிக்குள்ள போவ எனக்கு அனுமதி இல்ல" என்றார். "இங்கேருந்து பாத்தா வடிவம் நாயி. நெலை, ஒக்காந்த நெலை. கொரைப்பு இல்ல. படிவத்துல இது மூணுதான் கேட்டிருக்குது. உயிர் இருக்குதான்னு எங்கயும் கேக்கல."

கொஞ்ச தூரம் போனதும், "ரொம்ப வெளுத்துப் போயிருக்குதுங்க. தண்ணி காட்டுறவங்க இல்ல போலருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இன்னொரு குறிப்பும் எழுதினார். அந்தக் குறிப்பின் பேரில், 'நானூறு நாய்களுக்குத் தண்ணீர் வைக்கும் பீங்கான் கிண்ணம்' செய்து தரும்படி வாரியத்திலிருந்து பத்து நாளில் ஓர் ஆர்டர் வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் ஆர்டர் எங்கே வரும், கோவிந்தசாமியிடம்தான் வந்தது. அவர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். முற்றத்து நாய்களை ஒரு தரம் பார்த்தார். கடவுள் கொடுப்பதை ஏன் என்று கேட்கக் கூடாது என்று கிண்ணத்துக்கு அச்சு எடுக்கச் சொல்லிவிட்டார்.

மனு சராசரி கணக்கிடும் பிரிவுக்குப் போயிற்று. அது திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. டோமினிக் தினமும் பத்து மணிக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். அங்கேதான் அது நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலர்கள் எல்லாம் திட்டக்குடியில் ஏதோ கூட்டம் என்று போய்விட்டார்கள். மேலே மின்விசிறி சுற்றியது. வளர்மதி பேப்பர் புரட்டுகிற சத்தம் எப்போதாவது கேட்டது. வெளியே நூறு மீட்டருக்கு ஒரு நாய் இல்லை, கோழி இல்லை. டோமினிக் கையைக் கிள்ளினான். கிள்ளின விரல் அப்படியே நின்றுவிட்டது.

தோளை யாரோ தொட்டார்கள். வளர்மதி. மணி ஒன்றே முக்கால். "சாப்பாட்டுக்குப் பூட்டணும்ங்க" என்றாள். அவன் பதறி எழுந்து, "பேரு கூப்புட்டாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றாள். பெஞ்சின் மறு ஓரத்தில் தனக்கோடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அன்றைக்கு வீட்டில் மெர்சி வைத்த மீன்குழம்பில் புளி கூடிப்போய்விட்டது என்று டோமினிக் சொன்னான். இரண்டு மாசமாக அவன் எதைத் தின்றாலும் ஒன்றும் சொன்னதில்லை. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதன்பிறகு அவன் ஆபீஸுக்கு ஒரு நாள் தவறவில்லை. துணிப்பையில் மனுச்சீட்டு, அதற்குக் கீழே ஒரு குட்டித் தலையணை. பத்து மணிக்குக் காவலாளியிடம் சீட்டைக் காட்டுவான். பத்து ஐந்துக்குத் தூங்கிவிடுவான். பெஞ்சின் அந்த ஓரம் தனக்கோடி, இந்த ஓரம் டோமினிக். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மூன்றரை மணி நேரம் முழுசாகத் தூங்கினவன் சூளை முன்னால் முள்ளை விட்டுக் கண் எடுக்கவில்லை. நானூறு நாய்களும் பங்குனி முதல் வாரம் சூளைக்குப் போயின. காலையில் கதவைத் திறந்தபோது ஒன்றுக்கும் காது போகவில்லை, கால் வளையவில்லை. கோவிந்தசாமி ஒரு நாயைத் தூக்கி விரலால் சுண்டிப் பார்த்தார். கணீர் என்றது.

"இதான்டா என் டோமினிக்கு" என்றார். "அடுத்தது கிண்ணம். அதையும் இப்படியே எடுத்துக் குடு. அதுல ஒண்ணு வெடிச்சாலும் வாரியத்துக்காரங்க திருப்பி அனுப்பிடுவாங்க. அப்பறம் நான் சொன்னது சொன்னதுதான்."

கிண்ணம் ஏற்ற இரண்டு நாள் இருக்கும்போது, டோமினிக்கைப் பெஞ்சிலிருந்து எழுப்பி ஹாலுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே நாற்காலி போட்டிருந்தது. போட்டோ எடுக்க ஒருவர் நின்றார். தங்கதுரை கையில் பொன்னாடை இருந்தது. டோமினிக்குக்குப் பாதித் தூக்கம் இன்னும் கண்ணிலேயே இருந்தது.

"இன்னிக்கி நம்ம வாரியத்துக்கு ஒரு பொன்னாள்" என்று தங்கதுரை ஆரம்பித்தார். "வாரியம் தொடங்குன நாள்லேருந்து தீர்வு காணப்பட்ட மொத மனு, நம்ம மிஸ்டர் டோமினிக் மனு. அவசரப்பட்டு நாம எதையும் செய்யல. எதையுமே செய்யாம அத நாம சாதிச்சிருக்கோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் உத்தரவைப் படித்தார். மனுதாரரின் வார்டில் மொத்த நாய்கள் நானூற்றுப் பதினொன்று. அதில் குரைப்பவை பதினொன்று. தலைக்கு நாளொன்றுக்குச் சராசரிக் குரைப்பு, அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை. மேலும், மனுதாரர் தூக்கமில்லை என்று சொன்னது நேரடியாக ஆராயப்பட்டது. கடந்த இருபத்திரண்டு வேலை நாட்களில் மனுதாரர் ஆழ்ந்து உறங்குவதை, இந்த அலுவலகத்தின் பெஞ்சிலேயே, அலுவலர்கள் கண்ணால் கண்டு உறுதி செய்துள்ளனர். ஆகவே குறை தீர்ந்ததாகக் கருதி மனு முடித்துவைக்கப்படுகிறது. மனுதாரரின் குறட்டையை ஒலிமானியால் அளந்ததில் அது அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கிறது. முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விடப்படுகிறது.

பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். மனுச்சீட்டை வாங்கி, 'முடிந்தது' என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள்.

"நாளைக்கி வரலாமா சார்?" என்று டோமினிக் கேட்டான்.

தங்கதுரை சிரித்தார். "இனிமே எதுக்கு வரிங்க? ஒங்க பிரச்சனதான் தீந்துபோச்சே. நிம்மதியா வூட்ல தூங்குங்க."

மறுநாள் டோமினிக் நிம்மதியாக வீட்டில் படுத்தான். ஏழு பத்துக்கு முதல் டிராக்டர் வந்தது. டிரைவர் அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது. ஒத்தக்காது ஏன் என்று டிரைவரைக் கேட்டது. ஒன்பதும் ஆமாம் என்றன. வான்கோழி பதில் சொன்னது. டோமினிக் பொன்னாடையை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிப் பார்த்தான். ஜரிகை குத்தியது. எட்டு மணி, ஒன்பது மணி. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். அவனுக்கு யார் மேலும் வருத்தம் இல்லை. நாளைச் சாயங்காலம் சூளையில் நானூறு கிண்ணம் ஏறும் என்பது மட்டும் தெரிந்தது. தான் அதற்கு முன்னால் உட்கார்ந்து தூங்கிவிடுவோம் என்பதும், வேறு யாருடைய கதையையோ கேட்பது போல, தெரிந்தது.

ஒன்பதரைக்கு எழுந்து சட்டையைப் போட்டான்.

"எங்கங்க?" என்றாள் மெர்சி.

"ஆபீஸுக்குப் போயிட்டு வரேன்."

அவள் உள்ளே போய்த் தலையணையைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

காவலாளி தடியைக் குறுக்கே நீட்டினான். "நடப்பு மனு இருக்குதா?"

"புதுசு குடுக்க வந்திருக்கேன்."

வளர்மதி அவனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். நேற்றுக் கை தட்டினவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"எந்தப் பிராணி மேலங்க?"

டோமினிக் நின்றான். சேவல், பூனை, மாடு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான்.

"எது ரொம்ப நாளாவும் மேடம்?"

அவள் அலுவலர் அறைக் கதவை ஒரு தரம் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தனக்கோடி. கண் மூடித்தான் இருந்தது.

"வான்கோழின்னு போடு தம்பி."

வளர்மதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு போன வருசம் வான்கோழிக்குத்தாங்க குடுத்தாரு. அது பிராணில வருமா பறவைல வருமான்னு மேலிடத்துக்குக் கேட்டு எழுதியிருக்குது. இன்னும் பதில் வரல. நீங்களும் குடுத்தா ரெண்டையும் சேத்துக் கட்டிடுவாங்க."

"பதில் வருமா?"

"வராதுங்க" என்றாள்.

மனு எண் 118. சீட்டில் மை ஈரம் காயவில்லை. டோமினிக் அதை ஊதிக்கொண்டே பெஞ்சுக்குப் போனான். தனக்கோடி கண்ணைத் திறக்காமலே காலை மடக்கி இடம் விட்டார். டோமினிக் செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். தலையணையை எடுத்துச் சுவரோரம் வைத்தான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாக வளர்மதி பக்கம் திரும்பினான்.

"பேரு கூப்புட்டா மெதுவா கூப்புடச் சொல்லுங்க மேடம்."